கௌதாரி பின்னோக்கி நடந்த வருடம்

அவரிடம் எதையும் நடுவிலிருந்து சொல்ல முடியாது. முடிவிலிருந்து சொல்லவே முடியாது. "அக்கா, பஸ்ஸை விட்டுட்டேன்" என்று வேர்த்து விறுவிறுத்து வேலைக்கு வந்து நின்றால், "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சே?" என்று ஆரம்பிப்பார். எழுந்தது, பல் தேய்த்தது, சட்டையைத் தேடியது, தெருமுனையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தது என எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பஸ்ஸை விடுவதற்கே அனுமதி கிடைக்கும். தாமதமாக வந்ததற்கு முதலாளி திட்டுவதைவிட இது கொடுமை. முதலாளி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்.

சிவகாசியில் நான் டி.டி.பி. வேலை பார்த்த அச்சகத்தில் அவர் காலண்டர் சரிபார்ப்பவர். தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர்தான் எங்கள் பிழைப்பு. அச்சாகி வெட்டி வந்த தாள்களைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்குவார்கள். அடுக்கிய கட்டு அக்காவின் மேசைக்கு வரும். வலது கட்டைவிரலை ஓரத்தில் வைத்து சர்ரென்று ஒரு தடவை விடுவார். "ஏப்ரல் பதினேழைக் காணோம். செப்டம்பர் ரெண்டு ரெட்டையா இருக்கு." பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதனால் அவருக்குத் தேதியக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. இங்கே அது வேண்டாம்.

விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் "மாப்பிள்ளை வீட்டைப் பத்தி மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று உட்கார வைத்ததில் தரகர்கள் பாதியில் எழுந்து போய்விட்டதாக அச்சகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவரிடமே கேட்டேன். "பாதியில எந்திரிச்சுப் போறவரு கொண்டார மாப்பிள்ளையும் பாதியில எந்திரிச்சுப் போயிருவாருலே" என்றார். தினமும் ஆமத்தூர் வழியாக வரும் பஸ்ஸில் வருவார். ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் அவருக்கு மனப்பாடம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் நிலம் பத்திரம் முடிப்பதற்கும் காது குத்துவதற்கும் அவரிடம்தான் நல்ல நேரம் கேட்பார்கள். "இன்னிக்கி ஒன்றரைக்கு மேல வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்.

இந்த வரிசைப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, சரக்கோடு வெளியூர் போயிருந்தபோது, மண்டியில் வேலை பார்த்த ஒருவர் சைக்கிளில் வந்து, இறங்காமலேயே தெருவில் நின்று "அத்தா போயிட்டாகம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

"அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு எங்கன விழுந்தாக, யாரு தூக்கினா, தண்ணி கேட்டாகளா, என்ன சொன்னாக, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. கேட்டா, 'அதான் போயிட்டாகளே, இனிமே என்ன'ங்கிறாக. முடிவைச் சொல்லிட்டா அப்புறம் மொதல்ல இருந்து சொல்றதுக்கு ஒருத்தருக்கும் பொறுமை இருக்காதுலே."

இதை அவர் சொன்னபோது மேற்கே தூரத்தில் எங்கோ டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலை அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆள் "எத்தனை பேராம்?" என்று கேட்டுக்கொண்டு போனார். எண்ணிக்கைதான் முதல் கேள்வி. அக்கா சன்னலைச் சாத்தினார். அன்று நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் இல்லை, வெறும் பட்டாசுக் குடோன்தான் என்று பிறகு சொன்னார்கள்.

இப்படிப்பட்டவர் ஒரு கதை எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் கதை. அதை நான் தலைகீழாக்கினேன். நான் சொல்ல வந்தது இதைத்தான். முடிவை முதலில் சொல்லிவிட்டேன், அக்கா இருந்தால் எழுந்து போயிருப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி, தன் வேலையாட்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கொடுக்க ஐயாயிரம் காலண்டர் ஆர்டர் கொடுத்தது. வழக்கமாகத் தாளின் பின்பக்கத்தில் வீட்டு வைத்தியம் போடுவோம். ஜலதோஷத்துக்கு ஓமம், பல்வலிக்குக் கிராம்பு என்று பத்து வருடமாக ஒரே வைத்தியம். கம்பெனிக்காரர் "இந்தத் தடவை பிள்ளைகளுக்கு ஏதாச்சும் போடுங்க" என்று கேட்டுவிட்டார். எங்கள் முதலாளி, நாங்கள் அண்ணாச்சி என்போம், யாரை எழுதச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முந்நூற்று அறுபத்தைந்து பாகம். ஒரு நாளைக்கு ஏழு வரி. எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. பஸ்ஸில்தான் எழுதியிருக்க வேண்டும், எழுத்து அங்கங்கே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தது.

கதை அலகூர் என்ற பறவைகள் நாட்டில் நடக்கிறது. அங்கே கரிச்சான்கள் மேகங்களை மேய்க்கும். வானத்துக்குப் போகிற வழியில் பனங்காடை சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருக்கும். தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம் பேச முடியும், ஆளுக்கு ஒரு சொல். ஒருவருக்குச் சளி பிடித்தால் அன்று அந்த வாக்கியத்தில் ஒரு சொல் குறையும். அந்த நாட்டின் காற்றை எல்லாம் ஒரு கிழட்டுக் கழுகு திருடி, நெருப்புப் பாறைக்கு மேலே ஒரு மண்பானையில் அடைத்து வைத்துவிடுகிறது. காற்று இல்லாமல் யாராலும் பறக்க முடியவில்லை. பானை இருக்கும் இடம் தெரிந்தது அம்மாக் கௌதாரி ஒன்றுக்குத்தான். அதனால் அதையும் கழுகு கொன்றுவிடுகிறது. அதன் குஞ்சு பன்னிரண்டு கூட்டாளிகளோடு நடந்தே புறப்படுகிறது.

கௌதாரிக் குஞ்சு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும் என்று அக்கா ஆமத்தூர்க் கரிசல் காட்டில் ஆடு மேய்ப்பவர்களிடம் விசாரித்து வைத்திருந்தார். "மேகம் மேயலாம். ஆனா கௌதாரி ஒரு நாளைக்கு ஒன்பது மைல் நடக்கக் கூடாது. அது பொய்" என்றார். கழுகு காற்றைப் பானையில் அடைப்பது அவருக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு கூட்டாளி சாகும். பிப்ரவரியில் மைனா இல்லை. ஏப்ரலில் ஆந்தை இல்லை. நவம்பரில் செம்போத்து, டிசம்பரில் ஆள்காட்டி. முப்பத்தோராம் தேதி குஞ்சு தன்னந்தனியாகப் பாறையில் ஏறிப் பானையை உடைக்கிறது. காற்று வருகிறது. இனி எல்லோரும் பறக்கலாம். அதனோடு பறக்கத்தான் ஒருவரும் இல்லை. தட்டச்சு செய்து முடித்ததும் கடைசிப் பாகத்தை இன்னொரு தடவை படித்தேன். இது பிள்ளைகளுக்கான கதை என்றால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

அண்ணாச்சியின் கவலை வேறு. "காலண்டர்ல சாவு வரக் கூடாதும்மா. ராசி பாக்கிறவுக வாங்குற சாமான்."

"அப்ப முன்பக்கத்துல இருக்கிற எமகண்டத்தை எடுத்துருங்க அண்ணாச்சி. கரிநாளையும் எடுத்துருங்க. நானும் எடுத்துர்றேன்."

அண்ணாச்சியால் எமகண்டத்தை எடுக்க முடியாது. சாவு தப்பியது. ஆனால் இரண்டு விஷயத்தில் அவர் விடவில்லை. கடைசித் தாளில் 'முற்றும்' என்று போடக் கூடாது. வருடம் முடிகிற அன்று சுவரில் அந்தச் சொல் தொங்கினால் வீட்டுக்கு ஆகாது. இரண்டாவது, பாகத்துக்கு எண் போடக் கூடாது. "தாள்ல தேதி ஒண்ணு போதும். பின்னால இன்னொரு நம்பர் கெடந்தா, அதையும் தேதின்னு நெனச்சு எவனாச்சும் கல்யாணம் வச்சுருவான்."

அக்கா மூன்று நாள் வாதாடினார். எண் இல்லாமல் வரிசையை எப்படிக் காப்பாற்றுவது? கடைசியில் என்னிடம் வந்தார். "ஏலே, ஒன்னை நம்பித்தான் எண்ணை எடுக்கச் சம்மதிச்சிருக்கேன்" என்றார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அந்த வருடம் ஊரையே முடக்கிப்போட்ட மூட்டுவலிக் காய்ச்சல் அது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று அண்ணன் போன் செய்து சொன்னார். பொங்கல் வரை அவர் வரவில்லை.

இனி என் பங்கு. கதைத் துண்டுகளை டிரேசிங் எனும் ஒளி ஊடுருவும் தாளில் எடுக்க வேண்டும்; அதைப் பக்கவாரியாக ஒட்டித்தான் அச்சுக்குத் தகடு செய்வார்கள். அண்ணாச்சி ஒரு தாளையும் வீணாக்க மாட்டார். வெட்டி மிஞ்சிய டிரேசிங் துண்டுகளை உள்ளங்கை அளவில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு துண்டுக்கு ஒரு பாகம். அந்தத் தாள் விறைப்பானது, பிரிண்டருக்குள் வளைந்து திரும்பும்போது சுருண்டு சிக்கிக்கொள்ளும். அதனால் பிரிண்டரின் பின் கதவைத் திறந்துவைத்து நேராக வெளியே வரச் செய்வோம். அப்படி எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக முகம் மேலே பார்க்க விழும். முதல் பாகம் அடியில் போய்விடும், கடைசிப் பாகம் உச்சியில் இருக்கும். எடுத்து முடித்ததும் கட்டை ஒரு தடவை திருப்பி அடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நான்கு வருடமாகச் செய்கிற வேலை.

பெரிய காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான். அந்த நேரத்தில் வடை வந்தது. சூடாக இருந்தது. கட்டை அப்படியே ரப்பர் பேண்ட் போட்டு ஒட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

ஒட்டும் மேசையில் இருந்தவர் செல்வராசு அண்ணன். இருபது வருடமாகத் தமிழ், இந்தி, மலையாளம் எல்லாவற்றையும் ஒட்டியவர். எந்த மொழியாக இருந்தாலும் அவர் பார்ப்பது நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று மட்டும்தான். மேலே இருந்த துண்டை எடுத்து ஜனவரி ஒன்றுக்குப் பின்னால் ஒட்டினார். அடுத்ததை இரண்டுக்கு. முந்நூற்று அறுபத்தைந்தும் நூல் பிடித்தது போல நேராக ஒட்டினார். எண் இல்லை, முற்றும் இல்லை, சரிபார்க்க அக்காவும் இல்லை. ஐயாயிரம் காலண்டரும் லோடு ஏறித் தாயில்பட்டி போய்ச் சேர்ந்தன.

பொங்கல் முடிந்து அக்கா வந்தார். அவருக்கென்று எடுத்துவைத்த காலண்டரைக் கொடுத்தேன். உட்கார்ந்தார். கட்டைவிரலை விட்டுப் பார்த்தார், தேதி எல்லாம் சரி. பிறகு ஜனவரி ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பினார். தன்னந்தனியாகப் பாறைமேல் கௌதாரிக் குஞ்சு. இரண்டாம் தேதியைத் திருப்பினார். மூன்றாம் தேதி. அப்புறம் டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் போனார். 'அலகூரில் ஒரு கௌதாரிக் குஞ்சு இருந்தது. அதற்கு ஒரு அம்மா இருந்தது. பன்னிரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள்' என்று இருந்தது. அவர் அழுவார் என்று பயந்தேன். காலண்டரை மூடி, மேசையின் ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்து நேராக வைத்தார்.

அண்ணாச்சி கத்தியது தெருமுனைக் கடைவரை கேட்டது. திட்டு முழுவதும் செல்வராசு அண்ணனுக்கு. "மேல இருந்ததத்தானே அண்ணாச்சி எடுத்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அந்தச் சொல்லைக் காதில் வாங்கவில்லை. நான் காதில் வாங்கினேன், வாயைத் திறக்கவில்லை. அவரை ஒட்டும் மேசையிலிருந்து எடுத்துக் கழிவுத் தாள் மூட்டை கட்டப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அக்கா அண்ணாச்சியின் அறைக்குள் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். மறுநாள் செல்வராசு அண்ணன் பழையபடி மேசையில் இருந்தார். அக்காவின் இரக்க குணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன், என்னை என்ன சொல்வது.

அக்காவின் கோரிக்கை ஒன்றுதான். 'கதையைக் கடைசித் தேதியிலிருந்து படிக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு அடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா தாயே, யாரு இதையெல்லாம் படிக்கிறா? கிழிச்சு பல்பொடி மடிப்பாக."

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த எங்கள் அச்சக முகவரிக்கு யாரோ எழுதியிருந்தார்கள். கோடு போட்டு எழுதிய கையெழுத்து.

'ஐயா அவர்களுக்கு வணக்கம். காலண்டர் கதை நன்றாக உள்ளது. ஜனவரி 26 அன்று ஆள்காட்டி செத்துப்போனது. 27 அன்று உயிரோடு இருக்கிறது. எப்படி உயிர் வந்தது என்று போடவில்லை. அடுத்து யாருக்கு உயிர் வரும்? இப்படிக்கு மாரீஸ்வரி, ஐந்தாம் வகுப்பு, தாயில்பட்டி.'

அக்கா அட்டையை மூன்று தடவை படித்தார். "பாவம், அந்தப் புள்ள தப்பாப் படிச்சுக்கிட்டிருக்கு" என்றார். "போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்."

"ஒரு புள்ளைக்காகவா அக்கா?"

"படிக்கிறது ஒரு புள்ளைதானே?"

ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை பஸ் ஏறினோம். அவருக்கு முழங்கால் இன்னும் மடங்கவில்லை. படியில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் டிசம்பர் முப்பத்தொன்று, அப்புறம் முப்பது, அப்படியே இறங்கி வர வேண்டும். கிழித்த தாள்களை எறிந்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். அதற்காகத் தன்னுடைய காலண்டரையே பையில் எடுத்து வந்திருந்தார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். வெம்பக்கோட்டை அணை வந்தது, தண்ணீரில் நாரைகள் நின்றன. "அதுலயும் சின்னது முன்னாடி, பெருசு பின்னாடி நிக்குது பாரு, ஒழுங்கே இல்லை" என்றார். நான் சொல்லவில்லை.

மாரீஸ்வரி வீடு ஒற்றை அறை. அவள் அப்பா காளிமுத்து பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவர். "வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று பாயைத் தட்டிப் போட்டார். காலண்டர் அச்சடித்த இடத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கலர் சோடா வாங்கிவர ஓடினார். சுவரில் காலண்டர் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், சின்னச் சிவப்பு பல்பு, காய்ந்த மாலை. சின்ன வயதுதான். என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்க வேண்டியதில்லை.

மாரீஸ்வரி ஒரு சணலை எடுத்துவந்தாள். இதுவரை கிழித்த தாள்கள் எல்லாம் அதில் கோத்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று. அக்கா கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் விட்டுப்போகலையே" என்றார். குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"தினமும் காலையில கிழிப்பேன். ரெண்டு நாளைக்குச் சேத்துக் கிழிக்க மாட்டேன்."

"முன்னால தூக்கிப் பாத்தியா? மார்ச்சு, ஏப்ரல்?"

"இல்ல. வராத தேதியப் பொரட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லுவா."

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாப்பா, இந்தக் கதையில ஒரு தப்பு நடந்துபோச்சு. நீ இதை..."

"தெரியும்" என்றாள் மாரீஸ்வரி. "எப்பிடி உசுரு வந்துச்சுன்னு போடாம விட்டுட்டீக."

"அது இல்லம்மா. குஞ்சு எங்கன போகுதுன்னு நீ நெனைக்கிறே?"

"வீட்டுக்குத் திரும்பிப் போகுது. போற வழியில செத்தவுகளை எல்லாம் ஒவ்வொருத்தராக் கூட்டிக்கிட்டுப் போகுது. பன்னெண்டு பேருன்னு போட்டிருந்துச்சு." விரலை மடக்கினாள். "ஆள்காட்டி வந்துருச்சு. மிச்சம் பதினோரு பேரு. எல்லாரும் வந்துருவாகளா?"

அக்காவின் கை பையில் இருந்த காலண்டரின் மேல் போனது. சொல்லப்போகிறார், எடுத்து டிசம்பரைப் பிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் யாருக்காகவும் வரிசையை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிடத்தில் என்னை நானே வெறுத்தேன்.

"வருவாக" என்றார். "எல்லாரும் வருவாக. கடைசியில குஞ்சோட அம்மாவும் வந்துரும்."

"எப்ப?"

"டிசம்பர் கடைசி வாரம். முன்னாடி பொரட்டிப் பாக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒண்ணு, வரிசையா."

முடிவை முதலில் சொன்னார். அவர் வாயால். காளிமுத்து கலரோடு வந்தார், நாங்கள் குடித்தோம், விடைபெற்றோம். பையில் இருந்த காலண்டர் பையிலேயே திரும்பியது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். மனம் உடைந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். வெம்பக்கோட்டை தாண்டியதும் சடாரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஜூலையில ஒரு தப்பு இருக்குலே."

"என்னக்கா?"

"அந்தப் புள்ள படிக்கிற வரிசையில பாத்தா, குஞ்சுக்குக் கால் காயம் மொதல்ல ஆறுது. ஆறின பெறகு முள்ளு குத்துது. மாரீஸ்வரி விட மாட்டா, கட்டாயம் அட்டை போடுவா." சிவகாசி வரும்வரை அதற்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தார்.

ஜூலையில் அட்டை வந்தது. அக்கா பதில் போட்டார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. டிசம்பரில் கடைசி அட்டை வந்தது. 'அம்மா வந்துவிட்டது' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து கொஞ்சம் தேறியிருந்தது. அக்கா அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பரில், காலண்டர் சீசன் தொடங்கியபோது, அதே கம்பெனி மறுபடி ஆர்டர் கொடுத்திருந்தது. பறவைக் கதையே போடச் சொல்லிக் கேட்டார்களாம். செத்தவர்கள் திரும்பி வருகிற கதையை யார் எழுதியது, ராசியான கை என்றார்களாம். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கதையை அப்படி அமைக்கச் சொன்னதே தான்தான் என்று இரண்டு பேரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

அக்கா புதுக் கதையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வருகிற வருடம் லீப் வருடம், முந்நூற்று அறுபத்தாறு பாகம். தாளைப் புரட்டினேன். முதல் பாகத்தில் அம்மாவோடு ஒரு நாரைக் குஞ்சு. கடைசிப் பாகத்தில் அது தனியாக நின்றது. எழுதும்போது ஆள் மாறவில்லை.

"தட்டச்சு பண்ணிட்டு டிரேசிங் எடுத்துரு" என்றார். எழுந்து இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "பிரிண்டரோட பின் கதவைத் தெறந்தே எடு. எடுத்ததைத் திருப்பி அடுக்காம அப்பிடியே செல்வராசு மேசையில வச்சுரு."

தாளை மேசையில் வைத்தேன்.

"அக்கா... ஒங்களுக்கு..."

"இந்த ஆபீஸ்ல ஒரு கட்டு தலைகீழாப் போறதுக்கு வேற என்ன வழி இருக்கு? நான் பாக்காத பிரிண்டரா? காலண்டரைத் தெறந்த அன்னிக்கே தெரியும். அண்ணாச்சிகிட்ட, செல்வராசு மேல தப்பில்லை, கட்டே அப்பிடித்தான் போச்சுன்னு மட்டும் சொன்னேன். யாருன்னு சொல்லலை."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டா முடிவைத்தானே சொல்லுவே." நாற்காலியை இழுத்துப் போட்டு, மடங்காத முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். "தாயில்பட்டி பஸ்ஸுல நீயே சொல்லுவேன்னு பாத்தேன். மீலாது நபிக்கு வீட்டுக்கு வந்தப்போ சொல்லுவேன்னு பாத்தேன். எட்டு மாசமா ஒக்காந்திருக்கேன்லே."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, இறக்கி வைத்தது போலவும் இருந்தது. "நான்தான் அக்கா. என் தப்புத்தான். என்னை மன்னிச்..."

கையைக் காட்டி நிறுத்தினார். "அது எனக்குத் தெரியும். மொதல்ல இருந்து சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணாச்சி டிரேசிங் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். பின் கதவைத் திறந்தது, துண்டுகள் விழுந்தது, முந்நூற்று அறுபத்தைந்தையும் எண்ணிப் பார்த்தது. "அப்ப வடை வந்துச்சுக்கா. கட்டுக்கு ரப்பர் பேண்டைப் போட்டு..."

"நில்லு" என்றார் அக்கா. "என்ன வடைன்னு சொல்லாமத் தாண்டிப் போறே."